பலகை எண் பதினேழு

மண்டபம் தென்கடல் ஜெட்டியில்
கயிறு கட்டி இறக்கிய இருபது பலகைகளில்
பதினேழாவதைக் கச்சான் அறுத்துக்கொண்டு போயிற்று.
ஆனி மாதம்.
பதிவேட்டில் ‘காணவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள், குந்துகால் பக்கம்
வலையில் ஏறியதென்று
ரெம்ஜியுஸ் அண்ணன் சுமந்து வந்து போட்டார்.
“ஒன் சொத்தப் பிடி.”

மரம் தெரியவில்லை.
பை பையாக, ஒன்றின் தோளில் ஒன்று,
ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் நிறத்தில்.
எண்ணுவதற்குத்தான் எனக்குத் தினக்கூலி.
முதல் பையைத் தொட்டேன்,
நேரே கண்ணுக்குள் பீச்சியது.

ஜெட்டிப் பையன்களுக்கு இது மூத்திரக்காய்.
பதிவேட்டில் கடற்பீச்சான்.
ரெம்ஜியுஸ் வைத்திருக்கும் பெயர் எழுதக்கூடியதல்ல:
அடிமரத்தில் இது குடியேறிவிட்டால்
வல்லம் நனைந்த எருமை,
போக வரப் பன்னிரண்டு லிட்டர் டீசல் கூட.

குஞ்சில் இதற்கு வால் இருந்தது.
வாலுக்குள் நாண் மாதிரி ஒரு தண்டு.
வெளிச்சம் தெரிகிற ஒரு புள்ளி,
மேல் எது கீழ் எது என்று சொல்ல ஒரு துளிக் கல்,
இரண்டையும் விசாரிக்க
மூளை என்று சொல்லிக்கொள்ளலாம் போல ஏதோ ஒன்று.
வாய் இன்னும் திறந்திருக்காது.
சில மணி நேர நீச்சல்,
அதற்குள் இடம் பார்த்தாக வேண்டும்.
பாலத்தூண், சிப்பி முதுகு, பாசி வளர்க்கும் கயிறு,
எது கிடைத்தாலும் தலைகுப்புற ஒட்டிக்கொள்ளும்.
பிறகு வாலைத் தின்னும்.
கண்ணைத் தின்னும்.
விசாரித்ததையும் ஏறக்குறைய தின்றுவிடும்.
வந்து சேர்ந்தவருக்கு வழி எதற்கு.

சிப்பியைவிட, இறாலைவிட,
இதுதான் நமக்குக் கிட்டத்துச் சொந்தமாம்.
அந்த நாண்தான் சாட்சி என்றார் சார்,
நண்டுக் காலைக் கடித்தபடி.
இதன் தோலும் என் பருத்திச் சட்டையும்
ஒரே சரக்கு என்றும் சொன்னார்.
சட்டையை ஒருமுறை நீவிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் மூன்றாம் தடவையாகப்
பணி நிரந்தரப் படிவம் நிரப்பினேன்.
தற்காலிக முகவரி: உச்சிப்புளி, மாடி வீடு, வாடகை.
நிரந்தர முகவரியில் பேனா நின்றது.
பிறந்த வீட்டுப் பத்திரத்தில் அண்ணன் பெயர்.
புகுந்த வீட்டுக்கு ஒரு வழக்கு எண் இருக்கிறது,
கதவு எண் மறந்துவிட்டது.

கண்ணாடி மாதிரி ஒரு சின்னப் பை கிடைத்தது.
தட்டில் கடல்நீர் விட்டு வைத்தேன்.
இதயம் வெளியே தெரிந்தது.
ஒரு பக்கமாகவே தள்ளியது, தள்ளியது,
நின்றது.
‘இறந்தது’ என்று எழுதப் போனேன்.
மறுபக்கமாகத் தள்ள ஆரம்பித்தது.
பாம்பன் கால்வாயும் இப்படித்தான்.
இன்று சோநீவாடு, இன்னொரு நாள் வாநீவாடு.
நடுவில் கொஞ்ச நேரம்
தண்ணீர் எந்தக் கடலுடையதும் இல்லை.

நானூற்றுப் பதின்மூன்று.
எண்ணி முடிக்கையில் ஜெட்டி விளக்கு எரிந்துவிட்டது.
சுரண்டி எடை போட வேண்டும் என்பது விதி.
சுரண்டினேன். நாலு கிலோ எழுநூறு.
கத்தியைக் கழுவும்போதுதான் உறைத்தது:
இவை ஒட்டிய அன்று
பலகைக்குக் கயிறு இல்லை.
அது போய்க்கொண்டிருந்தது,
முயல்தீவு தாண்டி, எங்கெங்கோ சுற்றி,
நானூறு பேர்
வந்து சேர்ந்துவிட்டோம் என்று கண்ணைத் தின்றுகொண்டிருக்க.

சார் கேட்டால் சொல்ல வேண்டும்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் பதினேழுக்குப் புதுக் கயிறு,
நைலான், இரட்டை முடிச்சு.
இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன்.
கலங்கல். ஒன்றும் தெரியவில்லை.
இடது கண் இன்னும் உறுத்துகிறது.